கொண்டை ஊசிக் கணக்கு

சென்ற ஆண்டு தை மாதத்தில் எங்கள் மகளின் திருமணம் நடந்தது. அன்று விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின் இருக்கையில் ஒரு சிறு பெண். அவள் மடியில் தெர்மோகோல் பெட்டி. முன்னே, கால் வைக்கும் இடத்தில், பழைய தகரப் பெட்டி ஒன்று. வண்டியை ஓட்டி வந்த அம்மையார் இறங்கியதும் காப்பி கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "சுவத்தோரமா ஒரு நாற்காலி போதுங்கம்மா. வெளிச்சம் பொண்ணு மொகத்துல விழோணும். காத்தாடிய மட்டும் நிறுத்தச் சொல்லிடுங்க" என்றார்.

அவர் அன்றிரவு கண் மூடவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவிநாசியில் ஒரு வீட்டில் விடியற்கால முகூர்த்தம். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே அங்கே சென்று, பூ ஜடை பொருத்தி, ஒப்பனையை முடித்து, மணமகளை உறவினர் கையில் ஒப்படைத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்களுக்குத் திருமணத் திருப்பலி பத்தரை மணிக்கு. கொங்கு நாட்டு இந்துக் குடும்பங்களில் பொழுது புலரும் வேளையில் தாலி. நம் வீடுகளில் பொழுது ஏறிய பின் தாலி. இந்தச் சில மணி நேர இடைவெளியில்தான் ஒரே நாளில் இரண்டு மணப்பெண்களுக்குத் தலை சிங்காரிக்கும் அவருடைய பிழைப்பு அடங்கியிருக்கிறது.

அவரிடம் நான் நடந்துகொண்ட முறையைப் பற்றி எழுதவே இம்மாதம் பேனாவை எடுத்தேன். ஆயினும் அதற்குமுன் அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அறியாமல் செய்த பிழை என்று தப்பித்துக்கொள்வதற்காக அல்ல. நம் வீட்டுத் திருமணங்களில் பந்தல்காரரைப் பற்றியும் சமையற்காரரைப் பற்றியும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்; கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் வேலை செய்கிறவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

திருப்பூரில் பெண் பிள்ளைகள் இவரைப் போன்றவர்களைப் 'பார்லர் அக்கா' என்றே அழைக்கிறார்கள். எங்கள் பார்லர் அக்கா திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினாறு வயதில் இங்கே வந்தவர். 1978ஆம் ஆண்டுவாக்கில் இத்தாலி நாட்டு வணிகர் பனியன் தேடி வந்ததிலிருந்து இந்த ஊரின் ஏற்றுமதி தழைத்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பின் தேனி, மதுரை, திண்டுக்கல், தூத்துக்குடி என்று தென் மாவட்டத்துப் பிள்ளைகள் சாரிசாரியாக வந்தார்கள். இன்று பீகாரும் ஒடிசாவும் வந்து நிற்கின்றன. அவரும் அப்படி வந்து, பிசிர் வெட்டும் வேலையில் சேர்ந்து, செக்கிங் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் நின்றிருக்கிறார். இருந்திருக்கிறார் என்று எழுதவில்லை, நின்றிருக்கிறார் என்றே எழுதுகிறேன். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது இவ்வூர்க் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு கம்பெனி வேலையை விட்டு, தையல் கற்பதா தலை அலங்காரம் கற்பதா என்று யோசித்தாராம். தையலுக்கு இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கணவர் சொன்னதால் இதைக் கற்றார். வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு திரைச்சீலை. 2000ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி எங்கும் கிளை பரப்பிய நேச்சுரல்ஸ் போன்ற நிறுவனங்களால் இத்தொழிலுக்குக் கண்ணாடிக் கதவும் குளிர்சாதன வசதியும் வந்துவிட்டன. ஆனால் கதவு இல்லாத இந்த முன்னறைக்குத்தான் செக்கிங் பெண்களும் தையற்காரப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

அவர்கள் பணம் கொடுக்கும் விதமே தனி. திருப்பூர்ச் சம்பளம் சனிக்கிழமைச் சம்பளம் அல்லவா? மாதச் சம்பளக்காரரைப் போல ஒரே தடவையில் எடுத்து வைக்க அவர்களால் இயலாது. திருமணம் நிச்சயமானதும் பெண்ணே வந்து நாளைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தோறும் இருநூறு, முந்நூறு என்று கட்டிக்கொண்டு வருவாளாம். அக்கா அதை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைப்பார். நாள் நெருங்குமுன் பணம் கட்டி முடிந்திருக்கும். "கம்பெனிப் பொண்ணுங்க ஒருத்தி கூட இதுவரைக்கும் பாக்கி வச்சதில்லைங்க" என்றார். யார் பாக்கி வைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

முற்காலத்தில் இந்த வேலைக்கு யாரும் அட்வான்ஸ் கொடுத்ததில்லை. கொங்கு வேளாளர் திருமணங்களில் நாவிதருக்கு நீங்காத இடம் உண்டு. 'குடிமகன்' என்பது இந்நாட்டில் அவருக்கு வழங்கும் பெயர். கம்பர் பெயரால் வழங்கும் மங்கல வாழ்த்தை மணப்பந்தலில் பாடுபவரும் அவரே. அக்குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊருக்கு உழைத்து, அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் தானியமாகக் கூலி பெற்றது. அதில் ஓர் உறவு இருந்தது என்று சிலர் ஏங்கி எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் 'இந்த வீட்டுக்கு வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை அந்தக் குடிமகனுக்கு இருந்ததா? இன்று எல்லாச் சாதிப் பெண்களும் இத்தொழிலைக் கற்கிறார்கள், நாள் குறிக்கிறார்கள், விலை சொல்கிறார்கள். அந்த மட்டில் இது நல்ல மாற்றமே. ஆனால் தலையைத் தொட்டு வேலை செய்பவரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கும் பழக்கம் மட்டும் எங்கும் போய்விடவில்லை. மாதா கோவில் மணி கேட்கும் வீடுகளிலும் போய்விடவில்லை.

அவருடைய ஆண்டுக் கணக்கு வேடிக்கையானது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை, மார்கழியில் இல்லை. அந்த மாதங்களில் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் அவருக்குக் கை கொடுக்கின்றன. குறிப்பாகக் கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து பொங்கலுக்கு முன்பு வரும் நாட்களில் நம்மவர் திருமணங்கள் பல. பிறகு தவக்காலம் வந்தால் நாம் ஓய்ந்துவிடுகிறோம். அப்போது மாசி, பங்குனி முகூர்த்தங்கள் அவரைத் தாங்குகின்றன. நம் பண்டிகையும் அவர்கள் பஞ்சாங்கமும் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பி ஒரு பெண்ணின் அடுப்பை எரிய வைக்கின்றன. நான் இதை எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை; அவருடைய நோட்டில் பார்த்தேன். 2020இல் கொரோனாக் கட்டுப்பாட்டினால் திருமணத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு வந்தபோது, அந்த ஐம்பதில் தமக்கு இடம் கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நோட்டில் அந்த ஆண்டின் பக்கங்கள் பல வெறுமையாக இருந்தன.

இனித் தெர்மோகோல் பெட்டிக்கு வருகிறேன். அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகை மொட்டுகள். துணிக்கு அடியில் பனிக்கட்டி. மல்லிகை மாலையில் மலரும் பூ. விடியற்காலையில் செடியிலிருந்து பறித்த மொட்டு அன்று இரவே வாய் திறந்துவிடும். மணப்பெண்ணின் ஜடைக்கோ மொட்டாகவே வேண்டும். ஆகவே அதை உறங்க வைத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதிக்குச் சத்தியமங்கலத்துப் பூவும் திண்டுக்கல், நிலக்கோட்டைப் பூவும் வருகின்றன. பனிக் காலத்தில் செடி பூப்பது குறைவு. தையிலோ முகூர்த்தம் மிகுதி. ஆகவே அந்த நாட்களில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறிவிடும். முன்கூட்டியே விலை பேசி ஒப்புக்கொண்ட அலங்காரக்காரருக்குப் பூவின் விலை எவ்வளவு ஏறினாலும் அது அவர் தலையில்தான் விடியும்.

பூ ஜடை என்பது தொடுத்த சரத்தைச் சுற்றுவதன்று. மணப்பெண்ணின் பின்னல் நீளத்துக்கு ஓர் அட்டையையோ தடித்த துணியையோ வெட்டி, ஊசி நூல் கொண்டு மொட்டு மொட்டாகத் தைத்து, நடுவில் ரோஜா இதழும் மரிக்கொழுந்தும் வைத்து, முந்திய மாலையிலேயே செய்து முடிப்பது. கழுத்து வலிக்கும் அளவுக்குக் கனக்கும் ஜடைகளும் உண்டு. அந்தக் கனத்தைத் தாங்கச் சொந்த முடி போதாதபோது சவுரி சேர்க்கிறார்கள். சவுரி முடி எங்கிருந்து வருகிறது என்று என் மகள் கேட்டாள். சீப்பில் உதிர்ந்ததைச் சேர்த்து விற்பவர்களிடமிருந்தும், பழனி, திருத்தணி, திருப்பதி போன்ற இடங்களில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுப்பதிலிருந்தும் வருகிறது. திருமலைத் தேவஸ்தானம் அம்முடியை ஏலம் விட்டு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பொருள் பெறுவது யாவரும் அறிந்ததே. வேளாங்கண்ணியில் நம்மவரும் மொட்டையடித்துக் கொள்கிறோம். யாரோ ஒரு தாய் பிள்ளையின் காய்ச்சல் தீர நேர்ந்துகொண்ட முடி வேறொரு தாயின் மகளுக்குக் கலியாணக் கொண்டையாகிறது.

தலையில் கை வைத்தவுடன் அக்காவுக்குப் பல சங்கதிகள் தெரிந்துவிடும். பதினெட்டு, இருபது வயதுப் பெண்களுக்கு உச்சி வகிடு அகன்று கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மிணி, காலையில சாப்புடறியா?" என்றுதான் முதலில் கேட்பாராம். பெரும்பாலும் தேநீரும் ஒரு பன்னும்தான் பதில். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைந்தால் முடி உதிரும். காய்ச்சலோ பெருங்கவலையோ வந்து போனால் இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்தாக உதிரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே கலியாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எந்தத் தைலமும் ஒன்றும் செய்துவிடாது. ஆறு மாதம் முன்பிருந்தே கீரையும் முட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்து, தேவையானால் மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுப்பதுதான் வழி. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் என்னிடம் சொல்லி அனுப்பினார்.

பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழை வீட்டுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கலியாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்ன திட்டம் அது. நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு 2011இல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபின் வெளிநாட்டிலும் பேச்சாயிற்று. அப்படி மூன்றாண்டு முடித்து வந்த பெண்களுக்கும் அக்கா தலை வாரியிருக்கிறார். பணம் பெற்றவர்கள் உண்டு; நோயாலோ சண்டையாலோ இடையில் வெளியேறி, அத்தொகையை இழந்தவர்களும் உண்டு. ஒரு பெண்ணுக்குக் கொண்டை போடும் அளவுக்குக்கூட முடி இல்லை. "அவகிட்ட சவுரிக்குக் காசு வாங்கலைங்கம்மா" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

சொல்லாமலிருப்பது அவர் தொழிலில் ஒரு பாதி. மணநாள் காலையில் ஒரு பெண் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இடம் அந்த நாற்காலி ஒன்றுதான். தாய் பந்தலுக்கும் அடுப்படிக்கும் ஓடுகிறாள். தோழிகள் தங்கள் சேலையைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் பெண் அழுவாள், சிரிப்பாள், யாரிடமும் சொல்லாததைப் பின்னால் நிற்பவரிடம் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். "சம்மதமில்லாத கல்யாணம்னு யாராச்சும் சொன்னதுண்டா?" என்று நான் ஆவலாகக் கேட்டேன். அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் கேக்காதீங்கம்மா. எங்கிட்டச் சொன்னது எங்கிட்டயே இருக்கட்டும். ஆனா, பெரியவங்க யார்கிட்டச் சொல்லோணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுன்னு அந்தப் புள்ளைய எந்திரிக்க வச்சிருக்கேன்" என்றார். மணமக்களின் முழுச் சம்மதம் இன்றித் திருமணமே இல்லை என்று நம் திருச்சபை கற்பிக்கிறது. அந்தச் சம்மதத்தைப் பங்குத்தந்தைக்கு முன்பே, சீப்பும் கையுமாக நின்று கேட்பவர் இவரைப் போன்றவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் விரல்களைக் கவனித்தேன். நுனிகளில் தோல் உரிந்து வெடித்திருந்தது. தலைச் சாயம் செய்யும் வேலை. கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாராபினைலின் டையமின் என்ற பொருள் இருக்கிறது. சிலருக்கு அது பட்டால் அரிப்பும் வீக்கமும் உண்டாகும். நாள்தோறும் தொடுபவருக்கு ஒவ்வாமை மெல்ல மெல்ல ஏறி நிலைத்துவிடும். சாயப்பட்டறை ஊர்க்காரர்களுக்கு இது புதிதன்று. ஆகவே தலைச் சாயம் பூச எண்ணுகிறவர்கள் இரண்டு நாட்கள் முன்னதாகவே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பார்க்க வேண்டும். மணநாளுக்கு முந்திய இரவு கடையில் வாங்கி இடும் 'கறுப்பு மருதாணி'யிலும் இதே பொருளைக் கலக்கிறார்கள். கையெல்லாம் கொப்பளித்துப்போன மணப்பெண்ணை அவர் பார்த்திருக்கிறார். கையுறை அணியலாமே என்றேன். அணிகிறாராம், ஆனால் கையுறையோடு பின்னல் பின்ன வரவில்லையாம். கெண்டைக்கால் நரம்புகள் புடைத்திருந்தன. அது செக்கிங்கில் தொடங்கியது. முடி திருத்துவோருக்கென்று அரசு அமைத்த நல வாரியம் ஒன்று உண்டே, பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, அது ஆண்களுக்கு மட்டும் என்றல்லவா நினைத்தேன் என்றார். இதை வாசிக்கும் பங்கு மகளிர் அமைப்புகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியோடு உட்கார்ந்து, 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவையும், வாரியப் பதிவுக்குரிய விவரங்களையும் இவர்களைப் போன்றவர்களுக்குச் செய்துகொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

இனி என் கதை. ஒன்பதாயிரம் ரூபாய் பேசினோம்; பூவும் அதில் அடக்கம். மூவாயிரம் முன்பணம். அன்று காலை என் மகளுக்கு உயர்ந்த கொண்டை போட்டு, நெட் முக்காட்டை ஒரு சீப்பில் தைத்து, கொண்டைக்கு மேல் குத்தி நிறுத்தினார். எங்களிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இதுக்கு மேல ஒரு முழம் பூ கூட வைக்காதீங்கம்மா. வச்சா நிக்காது." நான் தலையசைத்தேன். பிறகு, இருக்கிறவர்தானே என்று என் தங்கைக்கும், இரண்டு சித்தி மகள்களுக்கும், மாப்பிள்ளையின் அக்காவுக்கும் கொண்டை போடச் சொன்னேன். பேச்சில் அது இல்லை. அவர் மறுக்கவில்லை.

ஆலயத்தில் மோதிரம் மாற்றும் வேளையில் முக்காடு சரிந்து பிள்ளையின் தோளில் விழுந்தது. நிழற்படக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்த சமயம். பூப்பிள்ளையாக வந்த சிறுமி எடுத்துக் கொடுக்க, என் மகள் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றாள். எனக்கு முகம் எரிந்தது. விருந்து முடிந்து, மூன்றாம் பந்தியில் அவரும் அந்தச் சிறு பெண்ணும் உண்டு வந்த பிறகு, ஆறாயிரத்துக்குப் பதிலாக நாலாயிரத்தை எடுத்து நீட்டினேன். "படமே கெட்டுப்போச்சே" என்றேன். அவர் எண்ணிப் பார்த்தார், கைக்குட்டையில் முடிந்தார், "சரிங்கம்மா" என்றார். போகும்போது என் மகளிடம் மட்டும், "அம்மிணி, ராத்திரி ஊசியெல்லாம் எடுத்து எண்ணிப் பாரு. எழுவத்திரண்டு இருக்கோணும். ஒண்ணு நின்னுட்டாலும் படுக்கையில குத்தும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் மகள் ஊசிகளை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். அறுபத்தொன்பதுதான் இருந்தன. தலையெல்லாம் தடவிப் பார்த்தும் மற்ற மூன்று கிடைக்கவில்லை.

திருநீற்றுப் புதனுக்கு முந்திய வாரம் வீடியோ வந்தது. குடும்பமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆலயத்துக்குப் புறப்படுமுன் வீட்டில் எடுத்த காட்சி. என் மகள் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை பின்னாலிருந்து வருகிறது. கையில் நான்கு முழம் மல்லிகை. கொண்டையில் இடம் போதாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊசிகளை உருவி மேசையில் வைத்துவிட்டு, முக்காட்டுக்கு மேல் பூவைச் சுற்றுகிறது. அந்தக் கையில் இருந்த வளையல் என்னுடையது.

பொய்யாகச் சொல்லவில்லை, எனக்கு அது நினைவிலேயே இல்லை. 'பூ குறைவாக இருக்கிறதே, பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்' என்று யாரோ சொன்னது மட்டும் நினைவிருந்தது. தொழிலாளியின் கூலியைப் பற்றிய மறையுரைகளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் மில் முதலாளிக்கும் பனியன் கம்பெனிக்காரருக்கும் உரியவை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். நானும் ஒரு நாள், ஒரு பெண்ணுக்கு, முதலாளியாக இருந்தேன் என்பது தோன்றவே இல்லை.

மேசை இழுப்பறையில் மூன்று ஊசிகளும் இருந்தன. அவற்றையும் இரண்டாயிரம் ரூபாயையும், உறவுப் பெண்கள் நால்வருக்குப் போட்ட கொண்டைக்கென்று தனியாக ஒரு தொகையையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். ஞாயிறு மாலை. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். காத்திருந்தேன். சுவரில் தொங்கிய நோட்டில் 'பூக்கடை' என்ற தலைப்பில் எங்கள் திருமண நாளின் கணக்கு எழுதியிருந்தது. அன்றைய பூவுக்கே எங்களிடம் வாங்கிய முன்பணம் போதவில்லை. மீதியைக் கடன் சொல்லி, நான்கு சனிக்கிழமைகளில் அடைத்திருக்கிறார்.

நடந்ததைச் சொன்னேன். வீடியோவைப் பற்றியும் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியுங்கம்மா. ஊசி மூணு மேசை மேல கெடந்துச்சு. சபையில வச்சு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டார். நால்வர் கொண்டைக்கு நான் வைத்த தொகையிலிருந்து இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அக்காவுக்கு வெறும் பின்னல்தான் போட்டாராம். மூன்று ஊசிகளையும் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

என் அண்ணன் மகளுக்கு வைகாசியில் திருமணம் வைத்திருந்தார்கள். நாளைச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டி, அன்று பெருமாநல்லூரில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, வந்து சேர ஆறு மணி ஆகும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் மூவாயிரந்தானுங்க" என்றார்.